இலவச பஸ், மின்சார பஸ், வராத பஸ்: ஓர் எளிய விளக்கம்

பஸ் பற்றிப் பேச்சு வந்தால் நம்மூரில் இரண்டே வாதங்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். பெண்களுக்கு இலவசம் கொடுத்துப் போக்குவரத்துக் கழகத்தை நஷ்டத்தில் தள்ளிவிட்டார்கள் என்பது ஒன்று. மின்சார பஸ் வந்துவிட்டது, இனி புகைப் பிரச்சினை தீர்ந்தது என்பது இன்னொன்று. முதல் வாதத்தைச் சொல்பவர் பெரும்பாலும் பஸ்ஸில் போகாதவர். இரண்டாவதைச் சொல்பவரும் அவரேதான் என்பது என் சந்தேகம்.

திட்ட அறிக்கைகளில் இதே விஷயம் கனமான சொற்களில் வரும்: எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கிற, சுற்றுச்சூழலைக் கெடுக்காத பொதுப் போக்குவரத்து. சமத்துவம் ஒரு துறையின் வேலை, பசுமை வேறொரு துறையின் வேலை என்பது போல இரண்டையும் தனித்தனிப் பக்கங்களில் எழுதுவார்கள். நடைமுறையில் பெரும்பாலான தடங்களில் இரண்டையும் தீர்மானிப்பது ஒரே விஷயம்தான்: பஸ் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகிறது, வரும்போது எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள். சென்னையை உதாரணமாக வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

தெருக்குழாயும் போர்வெல்லும்

ஒரு தெருவில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் எப்போது வரும் என்று தெரியாது. வசதியுள்ள வீட்டுக்காரர் என்ன செய்வார்? போர்வெல் போடுவார். பக்கத்து வீட்டுக்காரரும் போடுவார். கொஞ்ச நாளில் தெருவில் பாதிப் பேருக்குக் குழாய்த் தண்ணீர் தேவையில்லை. அப்புறம் அதைக் கேட்டுச் சண்டை போடவும் ஆளில்லை. மீதிப் பேர் குடத்தோடு காத்திருப்பார்கள். ஆளாளுக்கு உறிஞ்சுவதால் நிலத்தடி நீரும் கீழே போய்க்கொண்டே இருக்கும்.

பஸ் சரியாக வராத ஊரில் இரு சக்கர வண்டிதான் போர்வெல். வாங்க முடிந்தவர் மாதத் தவணையில் வாங்கிவிடுகிறார். புதிதாக ஒரு வண்டி சாலைக்கு வரும்போது பஸ்ஸின் வேகம் இன்னும் கொஞ்சம் குறைகிறது. பஸ் மெதுவானால் இன்னும் சிலர் வண்டி வாங்குகிறார்கள். கடைசியில் பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் வண்டி ஓட்ட முடியாத வயதானவர்கள், பள்ளிப் பிள்ளைகள், வீட்டில் இருக்கும் ஒரே வண்டியைக் கணவனோ மகனோ எடுத்துப் போய்விட்ட பெண்கள்.

ஆக, ஏழைக்குப் பாதகமாவதும் காற்று கெடுவதும் ஒரே சுழற்சியில்தான் நடக்கிறது.

காத்திருப்பு என்னும் கட்டணம்

ஒரே தடத்தில் ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவே உள்ள நேரத்தைப் பஸ் இடைவெளி என்போம். 20 நிமிட இடைவெளி என்றால், நேரம் பார்க்காமல் வருகிறவர் சராசரியாக 10 நிமிடம் நிற்பார், அதாவது இடைவெளியில் பாதி. பஸ்கள் ஒழுங்காக வந்தால் மட்டுமே இந்தக் கணக்கு.

ஒழுங்காக வராது என்பது நமக்கெல்லாம் தெரியும். அரை மணி நேரம் ஒன்றும் வராது, பிறகு ஒரே எண்ணில் இரண்டு பஸ்கள் ஒட்டிக்கொண்டு வரும். இதை டிரைவர்களின் சோம்பேறித்தனம் என்று திட்டுபவர்கள் உண்டு. காரணம் வேறு. சிக்னலிலோ நெரிசலிலோ ஒரு பஸ் கொஞ்சம் தாமதமாகிறது. அதற்குள் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. எல்லோரும் ஏறி முடிக்க இன்னும் தாமதமாகிறது. அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் பெரிது. பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற ஆளே இல்லை, அதனால் சீக்கிரம் நகர்ந்து முன்னால் போகிறதைப் பிடித்துவிடுகிறது. முதல் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கல், இரண்டாவதில் காலி இருக்கைகள்.

இந்தக் காட்சியில் நம் விஷயம் முழுக்க இருக்கிறது. காலியாக ஓடும் இரண்டாவது பஸ் எரிக்கும் டீசல் கிட்டத்தட்ட வீண். முதல் பஸ்ஸில் ஏற முடியாமல் பின்வாங்குபவர்கள் முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும்தான். அலுவலகத்தில் முன்பின் வரலாம் என்ற சலுகை உள்ளவருக்குப் பத்து நிமிடத் தாமதம் எரிச்சலோடு முடிந்துவிடும். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவருக்கு அதே பத்து நிமிடம் திட்டாகவோ கூலிப் பிடித்தமாகவோ மாறும். டிக்கெட் விலை எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் இந்தச் செலவு கண்ணில் படாது.

ஓர் ஆளுக்கு எவ்வளவு புகை?

இப்போது பசுமைக் கணக்கு. கொஞ்சம் எண்கள் வரும், கூட்டல் வகுத்தலுக்கு மேல் எதுவும் இல்லை.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். நகர நெரிசலில் ஒரு பஸ் லிட்டருக்கு 4 கி.மீ. ஓடுகிறது என்று வைத்தால், ஒரு கி.மீ.க்கு ஏறத்தாழ 670 கிராம். கேட்கப் பெரிய எண். ஆனால் அதில் 40 பேர் இருந்தால் தலைக்கு 17 கிராம்தான். இப்படி ஒருவரை ஒரு கி.மீ. கொண்டுபோக ஆகும் புகையைத் தலைக்கணக்குப் புகை என்று வைத்துக்கொள்வோம்.

லிட்டருக்கு 50 கி.மீ. தரும் ஸ்கூட்டரில் ஒருவர் தனியாகப் போனால் கி.மீ.க்கு சுமார் 46 கிராம். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் காரில் தனியாகப் போனால் 150 கிராமுக்கு மேல். இப்போது அதே பஸ்ஸில் 10 பேர்தான் இருக்கிறார்கள் என்று வையுங்கள்: தலைக்கு 67 கிராம். ஸ்கூட்டர்காரரே தேவலாம்! தனியாகப் போகும் ஸ்கூட்டரை பஸ் ஜெயிக்க வேண்டுமானால் குறைந்தது 15 பேராவது அதில் இருக்க வேண்டும்.

பஸ் என்றாலே பசுமை என்பது அவ்வளவு சரியில்லை. ஆள் ஏறிய பஸ்தான் பசுமை. ஆள் ஏற வேண்டுமென்றால் நம்பி நிற்கும்படி அது வர வேண்டும். மறுபடியும் இடைவெளிக்கே வந்துவிட்டோம்.

மின்சார பஸ் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது

2025 ஜூன் 30 அன்று சென்னையில் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் 120 மின்சார பஸ்கள் வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கின. அடுத்து பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து இன்னொரு தொகுதி வந்தது. மொத்தம் 625 பஸ்கள் என்பது திட்டம். சத்தம் குறைவு, தாழ்தளம், படிக்கட்டு இல்லை. ஏறிப் பார்த்தவர்களுக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் புகை எங்கே போனது? ஏ.சி. இல்லாத மின்சார பஸ் ஒரு கி.மீ. ஓட ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் ஆகும், ஏ.சி. ஓடினால் இன்னும் கூடும். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால் ஒரு யூனிட்டுக்கு சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அப்படியானால் கி.மீ.க்கு 700 கிராம். டீசல் பஸ்ஸுக்கு நாம் போட்ட 670 கிராமும் இதுவும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன.

இதைக் கேட்டதும் மின்சார பஸ்ஸே ஏமாற்று வேலை என்று துள்ளுபவர்களும் உண்டு. அதுவும் தவறு. கச்சா எண்ணெய் எடுத்து, சுத்திகரித்து, லாரியில் கொண்டுவர ஆகும் புகை அந்த 670-இல் சேரவில்லை. டீசல் பஸ் பழசாகப் பழசாகப் புகை கூடும். மின்சார பஸ் பழசானாலும் காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக் கூட அதன் புகை குறைந்துகொண்டே போகும். ஆரல்வாய்மொழிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், தமிழ்நாட்டுக்குக் காற்றுக்குப் பஞ்சமில்லை. பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பங்கை மின்சார பஸ் பேட்டரிக்கே திருப்பிவிடும். நூறு அடிக்கு ஒருமுறை நின்று நின்று போகும் நம் சாலைகளுக்கு அது பெரிய விஷயம்.

இன்னொரு லாபமும் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. டீசல் பஸ்ஸின் கரும்புகை முதலில் யார் மூக்கில் ஏறுகிறது? கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருப்பவருடைய மூக்கில் இல்லை. நிறுத்தத்தில் நிற்பவர், பூ விற்பவர், சைக்கிளில் போகிறவர், போக்குவரத்துக் காவலர் ஆகியோர்தான் அதைச் சுவாசிக்கிறார்கள். அந்தப் புகை தெருவிலிருந்து விலகுவது சமத்துவக் கணக்கில் சேர வேண்டிய லாபம்.

இதெல்லாம் சரி. ஆனால் 100 டீசல் பஸ்களை எடுத்துவிட்டு 100 மின்சார பஸ்களை விட்டால் நிறுத்தத்தில் நிற்பவரின் காத்திருப்பு ஒரு நிமிடம்கூடக் குறையாது. ஸ்கூட்டர்காரரும் இறங்கி வரமாட்டார். புது பஸ் அறிவிப்பு வரும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது பழையதற்குப் பதிலா, பழையதோடு கூடுதலா?

இதுவரை பார்த்ததன் சாரம்: எரிபொருளை மாற்றுவது நல்லது, ஆனால் தலைக்கணக்குப் புகையைச் சட்டென்று குறைப்பது பஸ்ஸில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கைதான்.

இலவசம் என்றால் பணம் யார் கட்டுகிறார்கள்?

2021 மே மாதம் தமிழ்நாட்டு முதல்வராகப் பதவியேற்ற நாளில் மு.க.ஸ்டாலின் கையெழுத்திட்ட உத்தரவுகளில் ஒன்று, சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். இப்போது அதற்கு மகளிர் விடியல் பயணம் என்று பெயர். பிறகு திருநங்கைகளும் மாற்றுத்திறனாளிகளும் அவர்களின் உதவியாளரும் சேர்க்கப்பட்டார்கள். டெல்லியில் 2019 அக்டோபரிலேயே இதுபோல் வந்துவிட்டது. கர்நாடகமும் தெலங்கானாவும் 2023-இல் தொடங்கின.

கண்டக்டர் பெண்களுக்கும் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறாரே, காசு இல்லாததற்கு எதற்கு டிக்கெட் என்று பலர் கேட்பார்கள். கணக்குக்காகத்தான். அந்த எண்ணிக்கையை வைத்து அரசு, போக்குவரத்துக் கழகங்களுக்குப் பணம் கொடுக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கியது 3,600 கோடி ரூபாய். அதாவது பயணத்துக்கான பணம் கட்டப்படுகிறது, கட்டுபவர் மட்டும் மாறியிருக்கிறார். இது கழகத்துக்கு நஷ்டமா என்பது அரசு எவ்வளவு கொடுக்கிறது, எப்போது கொடுக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஓசிப் பயணம் என்று கேலி செய்பவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றும்: மேம்பாலத்தில் கார் போவதற்கு டிக்கெட் எவ்வளவு? சாலையோரத்தில் நாள் முழுக்க நிறுத்தி வைப்பதற்கு? போக்குவரத்து என்றாலே எல்லாருக்கும் வரிப்பணத்தில் ஒரு பங்கு போகிறது. பஸ்ஸில் மட்டும் அது டிக்கெட் வடிவில் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. தொகையைவிட முக்கியமானது, அது எப்படி மிச்சமாகிறது என்பது. ஓர் ஆண் வேலைக்குப் போய் வருவது பெரும்பாலும் ஒரே நேர்கோடு. பெண்களின் பயணம் அப்படி இல்லை. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, அங்கிருந்து ரேஷன் கடை, அப்புறம் வேலை, திரும்பும் வழியில் அம்மாவுக்கு மருந்து. கட்டணம் ஒவ்வொரு முறை ஏறும்போதும் குறைந்தபட்சத்திலிருந்து ஆரம்பிக்கும். அதனால் 12 கி.மீ. ஒரே மூச்சில் போவதைவிட நான்கு நான்கு கி.மீ.யாக மூன்று பஸ்ஸில் போவதற்குச் செலவு அதிகம். துண்டு துண்டாகப் போகிறவர்களுக்குத்தான் கட்டணமில்லாப் பயணம் அதிகம் உதவுகிறது.

ஆனால் இதிலும் ஓர் ஓட்டை உண்டு. இலவசம் வெள்ளை போர்டு பஸ்ஸில், அதாவது சாதாரண கட்டண பஸ்ஸில் மட்டும். உங்கள் தடத்தில் எக்ஸ்பிரஸும் டீலக்ஸும் மூன்று போய், வெள்ளை போர்டு ஒன்று வந்தால், மற்றவர்களுக்கு 10 நிமிட இடைவெளி, உங்களுக்கு 40 நிமிடம். காசு மிச்சம், நேரம் போச்சு. கட்டணத்தைக் குறைப்பது ஒரு கதவைத் திறக்கும். பஸ் வராவிட்டால் திறந்த கதவால் பயன் குறைவு.

பசுமைக்கு இலவசம் உதவுமா? கொஞ்சம்தான். எஸ்தோனியாவின் தலைநகர் தாலின் 2013-இல் தன் குடிமக்களுக்குப் பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கியது. கார்ப் பயணம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள் பஸ்ஸில் ஏறியதுதான் பெரிய மாற்றம். கார் வைத்திருப்பவரை டிக்கெட் விலை தடுக்கவில்லை, காத்திருப்புதான் தடுக்கிறது.

யார் எங்கே இருக்கிறார்கள்

சென்னையில் இந்தக் கதைக்கு இன்னொரு அடுக்கு உண்டு. நகரின் நடுவில் ஆற்றோரமும் கடலோரமும் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றினார்கள். சுனாமிக்குப் பிறகும் 2015 வெள்ளத்துக்குப் பிறகும் இது வேகமானது. வீடு மாறியது, வேலை மாறவில்லை. மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்து வந்த பெண் நடந்து போன தூரம், இருபது கி.மீ.க்கு மேலான பஸ் பயணம் ஆனது. காலையில் ஒரு பஸ்ஸை விட்டால் முதல் வீட்டு வேலை போய்விடும். இங்கே பஸ் இடைவெளி என்பது நேரடியாக வருமானம். குறைந்தபட்சம் பெரும்பாக்கத்தில் ஒரு மின்சார பஸ் பணிமனை வந்திருக்கிறது. நல்ல விஷயம்.

படிக்கட்டும் ஓர் அளவுகோல். பழைய வகை பஸ்ஸின் தளம் தரையிலிருந்து சுமார் 900 மில்லிமீட்டர் உயரம், தாழ்தள பஸ்ஸில் 400. நகரப் பேருந்துகள் சக்கர நாற்காலி ஏறும்படி இருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் போராடினார்கள். அவர்கள் வாங்கித் தந்த தாழ்தளத்தின் பலன் மூட்டுவலிக்காரர், கர்ப்பிணி, காய்கறி மூட்டைக்காரர் எல்லோருக்கும் கிடைக்கிறது. எல்லோரும் சட்டென்று ஏறி இறங்குவதால் பஸ்ஸும் நிறுத்தத்தில் குறைவாக நிற்கிறது. நிறுத்தம் வரை போக நடைபாதை வேண்டும் என்பது தனிக் கதை.

பஸ் வாங்காமலே பஸ்ஸைக் கூட்டுவது

ஒரு தடம் போக 20 கி.மீ., வர 20 கி.மீ. என்போம். அதில் 10 பஸ்கள். சராசரி வேகம் மணிக்கு 10 கி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 4 மணி நேரம். 240 நிமிடத்தை 10 பஸ்ஸுக்குப் பிரித்தால் 24 நிமிடத்துக்கு ஒன்று. அதே பஸ்கள் மணிக்கு 15 கி.மீ. போனால் சுற்று 160 நிமிடத்தில் முடியும், 16 நிமிடத்துக்கு ஒன்று வரும். ஒரு பஸ்கூட வாங்கவில்லை, ஒரு டிரைவரைக்கூடச் சேர்க்கவில்லை. டீசலும் மிச்சம், ஊர்ந்து போகும்போதுதான் அது அதிகம் குடிக்கும்.

வேகம் எப்படி வரும்? சாலையில் பஸ்ஸுக்கென்று ஒரு பட்டையை ஒதுக்குவது பழைய, சோதித்த வழி. இதைத் தனிவழி என்பார்கள். பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974-லேயே செய்தது. கொலம்பியாவின் பொகோட்டா 2000-இல் தொடங்கியது. அகமதாபாத்தில் 2009 முதல் ஓடுகிறது. டெல்லி 2008-இல் ஒரு தடத்தில் போட்டு, 2016-இல் பிடுங்கி எறிந்தது. கார்க்காரர்களின் சத்தம் தாங்க முடியவில்லை என்பது ஒரு பாதிக் காரணம், நிறுத்தங்களைச் சாலை நடுவே வைத்துவிட்டு மக்கள் பாதுகாப்பாகக் கடக்க வழி செய்யாதது உள்ளிட்ட வடிவமைப்புக் குறைகள் மறுபாதி.

சென்னையில் 118.9 கி.மீ.க்கு மெட்ரோ இரண்டாம் கட்டம் 63,246 கோடி ரூபாயில் கட்டப்படுகிறது. வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் 2024 முழுக்க மெட்ரோவில் நடந்த பயணங்கள் 10.52 கோடி, நாளுக்கு மூன்று லட்சத்தைத் தொடவில்லை. மாநகரப் பேருந்துகளில் ஒரு நாளிலேயே 30 லட்சத்துக்கும் மேல். இத்தனை பேரைச் சுமக்கும் பஸ்ஸுக்குச் சாலையில் ஒரு பட்டை பெயின்ட் அடித்துக் காவல் போட நமக்கு மனம் வரவில்லை.

சின்னச் சின்ன விஷயங்களும் வேகத்தைக் கூட்டும். முன்கூட்டியே டிக்கெட் வாங்கிவிட்டால் கண்டக்டர் கணக்கு முடிக்க பஸ் ஓரங்கட்டத் தேவையில்லை. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட் எடுக்கலாம். ஸ்மார்ட்போன் இல்லாதவரைக் கைவிடாமல் இருந்தால் சரி.

இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம்

பசுமையும் சமத்துவமும் பெரும்பாலான தடங்களில் ஒரே திசையில் போகின்றன என்றேன். எல்லாத் தடங்களிலும் இல்லை. மலையடிவாரத்தில் முப்பது வீடுள்ள ஒரு கிராமம். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. பஸ்ஸில் ஏழெட்டுப் பேர். நாம் போட்ட கணக்கின்படி தலைக்கு 80, 90 கிராம். இந்த பஸ்ஸை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு மொபெட் வாங்கிக் கொடுத்தால் புகை குறையும். இந்த பஸ்ஸுக்குக் கலெக்‌ஷனும் தேறாது.

ஆனால் அந்த ஏழெட்டில் மூன்று பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒருவர் அரசு மருத்துவமனைக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் போகிறவர். அங்கே புகைக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு ஓட்டத்தான் வேண்டும் என்பது என் கருத்து. எத்தனை பஸ்களைக் கூட்டம் உள்ள தடங்களில் அடுத்தடுத்து விடுவது, எத்தனையைக் கூட்டமே இல்லாத ஊர்களுக்கு அனுப்புவது என்பதற்குப் பொறியியலில் பதில் கிடையாது. அது ஒரு பங்கீட்டு முடிவு. எண்பது இருபதோ எழுபது முப்பதோ, வெளிப்படையாகச் சொல்லி எடுக்கலாம். இப்போது அதைப் பணிமனையில் யாரோ ஒருவர், அன்றைக்கு டிரைவர் வராத காரணத்தால், கூட்டம் குறைந்த தடத்தின் நடையை வெட்டி எடுத்துக்கொள்கிறார்.

சின்ன வண்டி விடுவது ஒரு நடுவழி. 1990களின் கடைசியில் வந்த மினி பஸ்கள் இதற்காகத்தான். 2025-இல் அந்தத் திட்டத்தை விரிவாக்கி, பஸ்ஸே போகாத ஊர்களைச் சேர்க்கச் சொல்லி தனியாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். சின்ன வண்டி என்பதால் எட்டுப் பேருக்கு ஆகும் எரிபொருள் குறையும். ஆனால் தனியார் மினி பஸ்ஸில் மகளிர் விடியல் பயணம் செல்லாது. டவுனில் இருப்பவருக்கு இலவசம், கடைசி கிராமத்துப் பெண்ணுக்கு டிக்கெட். அரசு டவுன் பஸ்ஸுக்குக் கொடுப்பது போலவே மினி பஸ் உரிமையாளருக்கும் அந்தக் காசைக் கொடுத்தால் இது சரியாகிவிடும். கணக்கு எடுக்கத்தான் டிக்கெட் மெஷின் இருக்கிறதே.